ஜெனீவாவுக்குப் போன ஐந்து தாள்கள்

எங்கள் நாட்டில் தைத்துப் போகிற உடுப்புகளுக்கு ஐரோப்பாக்காரர்கள் கொடுத்துவந்த வரிச்சலுகையை நிறுத்தியது நான்தான் என்று முழுதாக ஐந்து நாட்கள் நம்பியிருந்தேன். தனி ஆளாக, கல்முனையில் ஃபோனும் ஃபெக்ஸும் வைத்திருக்கிற என் கொமினிகேசன் கடைக்குள் இருந்துகொண்டு நிறுத்தியதாக. அந்தச் சலுகை பற்றிய இழுபறி பல மாதங்களாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பத்திரிகைகளை நானே கடைவாசலில் தொங்கவிட்டு விற்றும் வந்தேன். விற்கிற பொருளை வாசித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

பயப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, ஊரில் யாராவது “கடல் வருது” என்று கத்தினால் முதலில் ஓடுகிறவன் நான். ஒருமுறை சம்மாந்துறைப் பக்கம் பாதி வழி ஓடிய பிறகு கையைப் பார்த்தேன். வீட்டு உறுதிப் பத்திரமும் அடையாள அட்டையும் வைத்திருந்த பையைத் தூக்கி வந்ததாக நினைத்திருந்தேன். கையில் இருந்தது டீவியின் ரிமோட். இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த மனைவி அதைப் பார்த்தாள்.

“டீவியையும் தூக்கி வந்திருந்தா இஞ்ச இருந்து படமாவது பாத்திரிக்கலாம்,” என்றாள். அன்று கடல் வரவில்லை. அவள் மட்டும் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னாள்.

உண்மையாகக் கடல் வந்த அன்று என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர் போனார். வீடும் போனது. ராத்தாவுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டி வைத்த பிறகுதான் கலியாணப் பேச்சு. ஆகவே அந்தச் சுவர்களோடு மகளின் கலியாணமும் போனது. இரண்டு வருடம் கூடாரம், பிறகு ஒரு தகரக் கொட்டில். அதற்குப் பிறகு பிரதான வீதியில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றைத் திருத்தி ஒரு தையல் தொழிற்சாலையைத் திறந்தார்கள். எல்லோரும் அதைக் கார்மண்ட்ஸ் என்றோம். ராத்தா அங்கே சேர்ந்தாள். அதன் பிறகு பழைய அத்திவாரத்தின் மேல் மாதம் இரண்டு வரிசைக் கல் எழும்பத் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாளாவது நான் போய் அந்தச் சுவரைப் பார்ப்பேன். இடுப்பளவு வந்தபோது போரும் முடிந்தது.

கார்மண்ட்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு லைனிலும் சுப்பவைசரின் மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் இரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் அட்டைகள். கழிவறைக்குப் போக வேண்டியவள் ஓர் அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு அட்டையும் வெளியே போயிருந்தால் காத்திருக்க வேண்டும். ஒரு லைனில் நாற்பது பேர். ராத்தாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதற்கு அட்டை, ஆணி, முறை ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஆணி வெறுமையாக இருந்தது. ராத்தா பார்த்தாள், பொறுத்தாள், பிறகு எழும்பிப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவளுடைய மெஷினில் வேறொருத்தி இருந்தாள்.

“கடிதம் வரும்வரைக்கும் வீட்ட இரிங்க,” என்றார்களாம்.

பதினாலு நாளாக, இரண்டு கிழமையாக, கடிதம் வரவில்லை. சுவரும் நின்ற இடத்தில் நின்றது. ஒரு காலையில் ராத்தா என் கடைக்கு வந்து, போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தாள்.

“தம்பி, ஒரு பெட்டிசம் எழுது.”

“ஆருக்கு ராத்தா?”

“பெரிய ஆளுக்கு.”

“எவ்வளவு பெரிய ஆளுக்கு?”

“இந்த உடுப்பு யாவாரத்துக்கெல்லாம் மேல ஒருத்தன் இரிப்பான்தானே. அவனுக்கு.”

வேறு ஒருவனாக இருந்தால் தொழில் அதிகாரிக்கு எழுதி முடித்திருப்பான். எனக்கோ, அப்படி மேலே இருக்கிற ஆளைத் தெரியும். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்களில் தொண்டு நிறுவனங்களின் பயிற்சிச் செயலமர்வுகள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தன. பகல் புரியாணியும் பெயர் எழுதின ஃபைலும் தருகிற செயலமர்வு எதையும் நான் தவறவிட்டதில்லை. கோழி வளர்ப்புக்கும் போனேன், முரண்பாட்டைத் தீர்ப்பதற்கும் போனேன். ஒன்று உலக வர்த்தகமும் தொழிலாளர் உரிமையும் பற்றியது. கொழும்பிலிருந்து வந்த சேர் ஒருவர் நடத்தினார். மெலிந்த மனுசன். எங்களைவிட அவருக்குத்தான் அந்த விஷயத்தில் அதிகக் கவலை.

அவர் ஒரு படிவத்தைக் காட்டினார். ஒரு சட்டை கப்பல் ஏறுவதற்கு முன் நிரப்புகிற படிவம். துணி எந்த நாடு, நூல் எந்த நாடு, பொத்தான் எந்த நாடு என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். “இந்த விதிகளை எல்லாம் பெரிய நாடுகள் ஜெனீவாவில் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசுகிறார்கள்,” என்றார். “அந்த மேசையில் சட்டை இருக்கிறது. தைத்தவளுக்குக் கதிரை இல்லை. அந்த மேசையை மாற்றாமல் உங்கள் ஊர்க் கார்மண்ட்ஸ் மாறாது.” அதற்குள் புரியாணி வந்துவிட்டது. ஆனால் அந்தப் படிவம் என் தலைக்குள் தங்கிவிட்டது. ஃபைலின் பின்புறத்தில் அந்த மேசை இருக்கிற ஜெனீவாக் கந்தோரின், உலக வர்த்தக அலுவலகத்தின், ஃபெக்ஸ் இலக்கமும் இருந்தது.

வெளியூர்க்காரருக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பெட்டிசம் என்கிற மனுவில் மேலே எழுதுகிற விஷயத்துக்குப் பெரிய மதிப்பில்லை. கீழே ‘பிரதிகள்’ என்று ஒரு சொல் வரும். அதன் கீழே வருகிற பட்டியல்தான் ஆளை நடுங்க வைக்கும். தெருக்கானில் சாக்கடைத் தண்ணீர் தேங்கினால் பிரதேச சபைக்கு எழுதுவோம், பிரதி ஜனாதிபதிக்கு. பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கூரையில் சாய்ந்தாலும் அப்படித்தான். என் கடையில் எழுதின பெட்டிசங்களில் பட்டியல் கடிதத்தைவிட நீளமாகப் போனவை உண்டு. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஆகவே ஜெனீவாக் கந்தோரின் தலைவருக்கு எழுதினேன். முதலில் தமிழில், பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீசில். கனம் ஐயா அல்லது அம்மணி, பொத்தானுக்கு எந்த ஊர் என்று கேட்கிறீர்கள். அந்தப் பொத்தானைத் தைத்தவள் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாள், எப்போது வெளியே போனாள் என்று கேட்பதில்லை. தயவுசெய்து உங்கள் படிவத்தில் இன்னொரு கட்டம் கட்டவும். அந்தக் கட்டத்தை முதலாளி நிரப்பக் கூடாது, தைத்தவளே நிரப்ப வேண்டும். அது வெறுமையாக இருந்தால் சட்டையைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். இதுதான் சாரம். உரிமை, நிபந்தனை என்ற இரண்டு சொற்களையும் செயலமர்வில் எழுதின குறிப்பிலிருந்து எடுத்து, தேவையான இடத்திலும் தேவையில்லாத இடத்திலும் போட்டேன். இரண்டு பக்கம் கடிதம், மூன்று பக்கம் பிரதிகள்.

ராத்தாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“அங்க உள்ளவங்க இதப் பாத்து என்ன செய்வாங்க?”

“கூட்டம் போடுவாங்க.”

“பொறகு?”

“பொறகு இன்னொரு கூட்டம்.”

“சரி, அனுப்பு. எனக்குத் தமிழ்க் கொப்பி ஒண்டு தா.”

பெட்டிசம் போட்டவள் கையில் ஒரு கொப்பி வைத்திருப்பது எங்கள் முறை. ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பழைய ஃபெக்ஸ் மெஷின் உப்புக் காற்றில் செத்துப்போய், வாழ்வாதார உதவியில் கிடைத்த புது மெஷின் அந்தக் கிழமைதான் வந்திருந்தது. அதிலே போன முதல் ஃபெக்ஸ் ராத்தாவுடையது. ஐந்து தாளும் ஒழுங்காக உள்ளே போய் வெளியே வந்தன. ‘ஓகே, ஐந்து பக்கம்’ என்று மெஷின் ஒரு சீட்டும் அடித்துத் தந்தது. உள்ளூர்ப் பிரதிகளைத் தபாலில் போட்டுவிட்டு, உலகத்தையே திருத்தி முடித்த களைப்போடு ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

அடுத்த கிழமை, அதே பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில், வானொலி சொன்னது. உரிமைகள் தொடர்பான நிபந்தனைகள் நிறைவேறாத காரணத்தால் ஐரோப்பாவின் வரிச்சலுகை நிறுத்தப்படவிருக்கிறது. உரிமை. நிபந்தனை. என் இரண்டு சொற்கள். தேநீர் மூக்கால் வந்தது.

பக்கத்து மருந்துக்கடையின் பாமசிக்காரர் வாசலில் நின்றபடியே செய்தியை விளங்கப்படுத்தினார். “இனிக் கார்மண்ட்ஸெல்லாம் மூடுறதுதான். ஆரோ எங்கட ஆள் ஒருத்தன் வெளிநாட்டுக்கு எழுதியிரிக்கான்.”

“ஆராம்?” என்றேன். குரல் எனக்கே பெண்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

“அதெல்லாம் கண்டுபுடிச்சிருவாங்க. இப்ப அவங்கட காலம்.”

போர் முடிந்த புதிதில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போரை வென்ற அரசாங்கத்தின் கண்ணில் வெளிநாட்டுக்கு எழுதினவன் துரோகி. பெட்டிசத்தின் கொப்பிகளைக் கிழித்தேன். கிழித்ததைக் கிணற்றடியில் ஊறவைத்தேன். அகராதியைத் தலைமாற்றி அடுக்கினேன், அது என்ன பயனுக்கு என்று இன்றுவரை தெரியாது. நாலு அடிக் கடைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். இருக்கவும் ஏலாது, நிற்கவும் ஏலாது.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். கட்டையாக வெட்டின முடி, உள்ளே சொருகின சேட், சிவில் உடையில் வந்த பொலிஸ் மாதிரி.

“இஞ்ச இங்கிலீசில கடிதம் எழுதுற ஆள் ஆரு?”

“அவர் மௌத்தாகிட்டார்,” என்றேன்.

“இன்னாலில்லாஹி. எப்ப?”

“இப்பதான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போகும்போது ஒருவர், ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். தம்பியின் கலியாணத்துக்கு இங்கிலீசில் அழைப்பிதழ் எழுத வந்த நிந்தவூர்க்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று அது தெரிந்திருந்தாலும் ஓடித்தான் இருப்பேன். கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு இறக்காமம் போனேன். அங்கே அவளுடைய காக்கா, என் மூத்த மச்சான், வயல் செய்கிறார்.

“என்ன மச்சான் திடீரென்டு?” என்றார் அவர்.

“சும்மா. காத்து வாங்க.”

“கடல் காத்த உட்டுட்டு வயல் காத்தா வாங்க வந்த?”

வரம்பில் நடந்தேன். காலையில் கிழக்கே நடந்தேன், பகலில் மேற்கே நடந்தேன். நான் மிதித்தே வரம்பு கரைந்துவிடும் என்று மச்சான் கவலைப்பட்டார். எனக்கு மோட்டார் சைக்கிள்காரர் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ராத்தாவின் சுவர். ஒருத்திக்கு வேலையைத் திருப்பிக் கேட்டு எழுதி, எல்லாப் பெண்களுக்கும் வேலையில்லாமல் செய்த பெட்டிசக்காரன் உலகத்தில் வேறு யார் இருப்பான்? தைத்தவளுக்கு ஒரு கட்டம் கேட்டேன். அவர்கள் சட்டையையே வேண்டாம் என்றுவிட்டார்கள். கொழும்பில் இருக்கிற பெரிய ஆட்களைத் தண்டிப்பதற்கு, கல்முனையில் பொத்தான் தைக்கிறவளின் மெஷினைத்தானா நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்வியை நெற்கதிர்களிடம் பலமுறை கேட்டேன். அவை எல்லாவற்றுக்கும் தலையாட்டின.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வயலில் யானை இறங்க, யாரோ யானைவெடி போட்டார்கள். நான் சேற்றில் விழுந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, “நான்தான் எழுதின, நான்தான் எழுதின,” என்றேன்.

மச்சான் என்னைத் தூக்கி நிறுத்தினார். “யானைக்கா எழுதின?”

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. வாடி என்கிற வயல் குடிசைக்குள் இருந்துகொண்டு முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசியில், “ராத்தாட்ட நீ சொன்னியா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை மனைவி எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னாள். “ஒரு ஃபெக்ஸ் வந்து கிடக்கு. ஜெனீவாவில இருந்தாம். மேல பெரிசா அடிச்சிரிக்கிற ஊர்ப் பேரப் பாத்துட்டுப் பாமசிக்காரர் சொன்னார்.”

“அவர் வாசிச்சாரா?”

“இல்ல, கண்ணாடி கொண்டு வரல்லயாம்.”

“என்ன எழுதியிரிக்கு?”

“எனக்கு இங்கிலீசு தெரிஞ்சா உங்களக் கட்டியிருப்பனா?”

அரிசி போட்டு வைக்கிற பேணிக்குள் ஒளித்து வைக்கச் சொன்னேன்.

“சரி, ஒளிக்கிறன். ராத்தா ஒவ்வொரு நாளும் வந்து உங்களத் தேடுற. வாங்க.”

நெல் மூட்டை ஏற்றின டிராக்டரில் சம்மாந்துறைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கும் வந்தேன். வழியெல்லாம் ராத்தாவிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். அவள் தன் வீட்டு வளவுக்குள் நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவில் நின்ற சுவரில் புதிதாக ஒரு வரிசைக் கல் இருந்தது. அன்று அது என் கண்ணில் படவில்லை. மனப்பாடம் செய்ததும் மறந்துவிட்டது.

“ராத்தா, எல்லாம் என்னாலதான்.”

“ஓம். உன்னாலதான்,” என்றாள்.

நான் அந்தச் சுவரிலேயே குந்திவிட்டேன்.

“எழும்புடா, ஈரம்,” என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

அந்தக் கொப்பியை அவள் பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறாள். பக்கத்து லைனில் தைக்கிற தமிழ்ப் பிள்ளை, ராத்தாவோடு ஒரே வான் வண்டியில் வேலைக்குப் போய் வருகிறவள். போர்க்காலத்தில் அந்தத் தெருவுக்கு முஸ்லிம்களான நாங்களும் எங்கள் தெருவுக்கு அவர்களும் போகப் பயந்த வருடங்கள் இருந்தன. கார்மண்ட்ஸ் வானில் எல்லோரும் ஒருத்தி மடியில் ஒருத்தியாகத்தான் போக வேண்டும். அந்தப் பிள்ளை பகல் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிசத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். பொத்தானுக்கு ஊர் கேட்கிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு அந்தத் தாள் வெட்டின துணிக்கட்டுக்குள் ஒளிந்து லைன் லைனாகப் போனது. யாரும் யாரிடமும் ஒன்றும் திட்டமிட்டுப் பேசவில்லை என்று ராத்தா சொன்னாள். நான் நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை, கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற கிழமை, பாண்டிருப்புப் பிள்ளை முதலில் எழும்பினாள். அட்டையை எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் அவளுடைய லைன். அதன் பின்னால் மற்ற லைன்கள். கழிவறைகள் இரண்டுதான். வரிசை பெட்டி கட்டுகிற பெக்கிங் மேசைகளைச் சுற்றி, வாசலைத் தாண்டி, காவல்காரனின் கூடுவரைக்கும் போனது. சத்தம் இல்லை, கோஷம் இல்லை. ஒவ்வொருத்தியாக உள்ளே போய், அவசரப்படாமல் கைகழுவி வந்தார்கள். மெஷின்கள் எல்லாம் சும்மா கிடந்தன.

மனேஜர் ஓடி வந்து கேட்டாராம். “என்ன இது?”

பாண்டிருப்புப் பிள்ளை சொன்னாளாம்: “சேர், ஜெனீவாக்கு எழுதிப் போட்டிருக்கு. மறுமொழி வர நாளாகும். அதுவரைக்கும் எங்களுக்கு அடக்க ஏலாது.”

பகலுக்குள் சிவப்பு அட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். வரிசை கலையவில்லை. ராத்தாவை வரச் சொன்னால்தான் மெஷினில் இருப்போம் என்றார்கள். பின்னேரம் ராத்தாவின் வீட்டுக்கு ஆள் வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். அந்த நம்பிக்கையில் கடனுக்குக் கல் எடுத்து ஒரு வரிசை வைத்தாளாம்.

“ஆனா சலுகை போச்சே ராத்தா,” என்றேன். “கார்மண்ட்ஸ மூடினா?”

“அவனுகள் தரக்குள்ளயும் எங்களிட்டக் கேக்கல்ல, எடுக்கக்குள்ளயும் எங்களிட்டக் கேக்கல்ல.” தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். “உன்ட பெட்டிசத்தில அதையும் எழுதியிரிக்கலாம். பொத்தானோட நிப்பாட்டிட்ட.”

வீட்டுக்குப் போய் அரிசிப் பேணியிலிருந்து ஃபெக்ஸை எடுத்தேன். தனியாக வாசிக்கத் துணிவில்லை. ஃபைலின் பின்புறத்தில் செயலமர்வுச் சேரின் நம்பரும் இருந்தது. அவருக்கு ஃபோன் எடுத்து, முழுக்க ஒப்புக்கொண்டேன். அவருடைய பக்கத்திலிருந்து இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது.

“தம்பி, நீங்கள் எழுதினது ஜெனீவாவில் இருக்கிற கந்தோருக்கு. சலுகை கொடுக்கிறது வேறு கந்தோர். நாடே வேறு. போரைப் பற்றி அவர்கள் எப்போதோ விசாரித்து எடுத்த முடிவு அது. உங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

“இப்போது வந்த ஃபெக்ஸில் என்ன இருக்கிறது? வாசியுங்கள்,” என்றார்.

வாசித்தேன். இரண்டே வரி. உங்கள் இலக்கத்திலிருந்து ஐந்து வெற்றுப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. தயவுசெய்து மீண்டும் அனுப்பவும்.

பழைய மெஷினில் எழுத்துப் பக்கம் மேலே இருக்க வேண்டும். புது மெஷினில் கீழே இருக்க வேண்டும். நான் மேலே வைத்து அனுப்பியிருந்தேன். கிழித்துப் போட்டதை அன்றே நினைவிலிருந்து திரும்ப எழுதி, சரியாக வைத்து அனுப்பினேன். அதற்கு மறுமொழி வரவில்லை.

திங்கட்கிழமை ராத்தா வேலைக்குப் போனாள். சிவப்பு அட்டைகள் திரும்பி வரவில்லை. சலுகை நின்ற பிறகு கார்மண்ட்ஸை மூடவில்லை, ஒரு லைனை மட்டும் நிறுத்தினார்கள். அது பாண்டிருப்புப் பிள்ளையின் லைன்.